அரசு அலுவலகம் உங்கள் படத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டால்: பத்திரிகைப் புகைப்படக் கலைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளத்திலும் கூட்டத்திலும் நின்று எடுத்த படம், சில மாதங்கள் கழித்து ஓர் அரசுத் துறையின் விளம்பரப் பலகையிலோ சாதனை மலரிலோ பெயரில்லாமல் வந்து நிற்பதைக் காணும் புகைப்படக் கலைஞர்கள் எழுப்பும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இந்தியாவின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தையும் அதற்கு 2012-இல் வந்த திருத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. வழக்கு வரை போக நேர்ந்தால் உங்கள் ஒப்பந்தத்தையும் ஆவணங்களையும் ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்ப்பது அவசியம். அவரைப் பார்க்கப் போகும்போது கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதும் கீழே வருகிறது.

படத்தை நான் எங்கும் பதிவு செய்யவில்லை. அப்படியிருந்தும் அது என்னுடையதுதானா?

ஆம். ஷட்டரை அழுத்திய நொடியிலேயே பதிப்புரிமை உண்டாகிவிடுகிறது. சட்டம் புகைப்படத்தைக் கலைப்படைப்பு என்றும், அதை எடுத்தவரை அதன் ஆசிரியர் (அதாவது படைத்தவர்) என்றும் வரையறுக்கிறது. படத்தில் இருப்பவர் முதலமைச்சராகவே இருந்தாலும், நிகழ்ச்சியை நடத்தியது அரசாகவே இருந்தாலும், அந்தக் காரணத்தால் மட்டும் பதிப்புரிமை அவர்களுக்குப் போவதில்லை.

பதிவு என்பது விருப்பத்தின் பேரில் செய்வது. பதிப்புரிமைப் பதிவேட்டில் உள்ள விவரம் நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்றாக, அதாவது மாறாக நிரூபிக்கப்படும் வரை செல்லும் சான்றாக, ஏற்கப்படும் என்பதே அதன் பயன். கலைப்படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய் கட்டணம். நாள்தோறும் நூற்றுக்கணக்கில் படமெடுப்பவர் எல்லாவற்றையும் பதிவு செய்ய முடியாது. திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் என்று உங்களுக்கே தெரிகிற சில படங்களை மட்டுமாவது பதிவு செய்து வைப்பது நல்லது என்பது என் கருத்து.

நான் நாளிதழில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். உரிமை எல்லாம் நிறுவனத்துக்குத்தானே?

அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்தக் கேள்விதான். சட்டத்தின் 17-ஆவது பிரிவு, செய்தித்தாள், பருவ இதழ் ஆகியவற்றின் ஊழியர்களுக்கென்றே தனியாக ஒரு விதி வைத்திருக்கிறது. வெளியிடுவதற்காக வேலையின் ஊடே எடுத்த படத்தைச் செய்தித்தாளிலோ இதழிலோ வெளியிடும் உரிமையும், அவ்வாறு வெளியிடுவதற்காக நகலெடுக்கும் உரிமையும் மட்டுமே நிறுவன உரிமையாளருக்குச் சேரும்; மற்ற எல்லா வகையிலும் படத்தை எடுத்தவரே முதல் உரிமையாளர். மாறான ஒப்பந்தம் இல்லாதவரை இதுவே நிலை.

இதன் விளைவைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நீங்கள் எடுத்த வெள்ளப் படத்தை ஒரு துறை பேருந்து நிலையத்தில் பெரிய பலகையாக வைத்தால், அது செய்தித்தாள் வெளியீடு அல்ல; கேள்வி கேட்கும் உரிமை உங்களுடையது. அதே படம் வேறொரு நாளிதழில் முழுப்பக்க அரசு விளம்பரமாக வந்தால், அது செய்தித்தாளில் வெளியாவதால், கேட்க வேண்டியவர் உங்கள் நிறுவன உரிமையாளர். ஒரே படம், ஒரே துறை. வந்த இடம் மாறும்போது உரிமை கோருபவரும் மாறுகிறார்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, பணியில் சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட தாள். எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே என்று அதில் இருந்தால் மேலே சொன்ன விதி உங்களுக்கு உதவாது. ஆகவே அதைத் தேடி எடுத்துப் படியுங்கள். இரண்டாவது, இந்தச் சலுகை செய்தித்தாள், இதழ் ஆகியவற்றின் ஊழியர்களுக்கானது. தொலைக்காட்சி நிறுவனத்திலோ வேறு வகை நிறுவனத்திலோ பணியாற்றுபவர் வேலையின் ஊடே எடுத்த படத்துக்குப் பொதுவாக முதலாளியே முதல் உரிமையாளர்.

அரசு அலுவலகமே கூப்பிட்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம்?

அது வேறு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்பதும், அரசின் கட்டளையின் கீழ் உருவான படைப்புக்கு அரசே முதல் உரிமையாளர் என்பதும் அதே 17-ஆவது பிரிவில் உள்ளவை. மாற்றிக்கொள்ள விரும்பினால், வேலையை ஏற்கும் முன்பே எழுத்தில் பேசி முடிக்க வேண்டும்.

நிகழ்ச்சிக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தது, செய்தியாளர் அடையாள அட்டை வழங்கியது, வண்டி ஏற்பாடு செய்தது ஆகியவை படமெடுக்கப் பணம் கொடுத்ததாகா. நீங்கள் உங்கள் பத்திரிகைக்காகப் போனீர்கள்.

பொதுமக்கள் நலனுக்காகத்தானே அரசு போடுகிறது? அதற்கும் அனுமதி வேண்டுமா?

வேண்டும். பொதுநலம் என்ற ஒரு சொல்லை வைத்து எல்லாவற்றுக்கும் விலக்கு அளிக்கும் விதி எதுவும் சட்டத்தில் இல்லை. 52-ஆவது பிரிவு குறிப்பிட்ட பயன்பாடுகளைத்தான் விலக்குகிறது: தனிப்பட்ட பயன்பாடும் ஆய்வும், விமர்சனம், நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாகத் தருவது, நீதிமன்ற நடவடிக்கைக்காக நகலெடுப்பது போன்றவை. அரசாணையையும் அரசிதழையும் மக்கள் மறுபதிப்புச் செய்ய இடமளிக்கும் விதியும் அங்கே இருக்கிறது. அது அரசின் ஆவணங்களை மக்களுக்குத் திறந்துவிடும் விதி. மக்களின் படைப்பை அரசுக்குத் திறந்துவிடும் விதி அல்ல.

ஒரு திட்டத்தின் சாதனையைப் பறைசாற்றும் பலகை நடப்புச் செய்தியாகாது. புயல் கரையைக் கடக்கும் அன்று, மக்களை எச்சரிக்கும் அறிக்கையோடு ஒரு படத்தை வெளியிட்டால் அலுவலகத்துக்குச் சொல்வதற்கு ஒரு வாதமாவது இருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் பணம் கேட்காமல் பெயரை மட்டும் சேர்க்கச் சொல்வது முறையாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் படமே ஆறு மாதம் கழித்துச் சாதனை மலரின் அட்டைக்கு வந்தால் கணக்கு வேறு.

படத்துக்குக் கீழே என் பெயரைப் போட்டுவிட்டார்கள். அத்தோடு சரியாகிவிட்டதா?

இல்லை. அனுமதி பெறுவது ஒரு கடமை, பெயரிடுவது இன்னொரு கடமை. ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றொன்று நீங்குவதில்லை. ‘நன்றி’ என்று எழுதி உங்கள் பத்திரிகையின் பெயரைப் போடுவதும் அனுமதியாகாது. பணம் கொடுத்து முறையாக உரிமம் வாங்கிய பிறகும், ஆசிரியர் தாமே என்று கோரும் உரிமை 57-ஆவது பிரிவின்படி உங்களிடமே இருக்கும். பதிப்புரிமை முழுவதையும் விற்றுவிட்டாலும்கூட அது போவதில்லை.

மக்கள் தொடர்பு அலுவலர் வாட்ஸாப்பில் கேட்டார், அனுப்பிவைத்தேன். இப்போது நாள்காட்டியில் வந்திருக்கிறது. நான் எதுவும் கேட்க முடியாதா?

கேட்கலாம். பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பவை அதில் இடம்பெற வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டமே கொள்ளும். உரிமமும் எழுத்தில்தான் தரப்பட வேண்டும். வாட்ஸாப்பில் ஒரு படத்தைத் தட்டிவிட்டது இவற்றில் எதுவும் ஆகாது.

ஆனாலும் அலுவலகத்தின் தரப்பில், ‘அவரே அனுப்பினார், அதனால் சம்மதம் என்று நினைத்தோம்’ என்ற வாதம் வரும். அந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது, என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘இன்றைய செய்திக்குறிப்புக்கு வேண்டும்’ என்று கேட்டிருந்தால், சம்மதம் செய்திக்குறிப்போடு நிற்கிறது, நாள்காட்டிக்கு நீளாது. அதனால் அனுப்பும்போதே படத்தோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘இன்றைய செய்திக்குறிப்புக்கு மட்டும், வேறு எதற்கும் முன் அனுமதி தேவை.’ அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் நானே போட்ட படம். பொதுவில் போட்டால் யாரும் எடுக்கலாம் என்கிறார்களே?

தவறு. அந்தத் தளத்தைப் பயன்படுத்த நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகள் தளத்துக்கு ஓர் உரிமம் தருகின்றன. அதைக் கொண்டு மூன்றாம் நபர் படத்தைத் தரவிறக்கி அச்சடிக்க முடியாது. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது புகைப்படக் கலைஞர் டேனியல் மொரெல் எடுத்து ட்விட்டர் வழியாகப் பகிர்ந்த படங்களை ஏ.எஃப்.பி. என்ற செய்தி நிறுவனமும் கெட்டி என்ற பட விற்பனை நிறுவனமும் அவர் அனுமதியின்றி விநியோகித்தன. 2013-இல் நியூயார்க் நடுவர் குழு அவருக்கு 12 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. அது அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு, இந்திய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ‘பொதுவில் இருந்தது, எடுத்தோம்’ என்ற பேச்சுக்கு அதைவிடத் தெளிவான மறுமொழி கிடைப்பது அரிது.

வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டு, படத்தையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அது தனிக் குற்றமா?

ஆம். படத்தில் உள்ள உங்கள் பெயர், உரிமையாளர் விவரம் போன்றவற்றை ‘உரிமை மேலாண்மைத் தகவல்’ என்று சட்டம் அழைக்கிறது. அனுமதியின்றித் தெரிந்தே அவற்றை நீக்குவதும் மாற்றுவதும் 2012 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 65பி-இன் கீழ் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரியவை.

மாற்றுவதில் இன்னொரு பக்கமும் உண்டு. இடுப்பளவு நீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் உதவிக்குக் கையை நீட்டும் படம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் மூழ்கிக் கிடக்கும் வீடுகளை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் நிவாரணப் பைகளையும் தலைவரின் முகத்தையும் ஒட்டினால், உதவி கேட்ட கை வாழ்த்தும் கையாகிவிடுகிறது. எடுத்தவரின் நன்மதிப்புக்குக் கேடு விளைவிக்கும் இத்தகைய சிதைப்பைத் தடுக்கவும் அதற்கு இழப்பீடு கேட்கவும் 57-ஆவது பிரிவு வழிசெய்கிறது. உரிமை நிறுவனத்திடம் இருந்தாலும் இந்த வழக்கை நீங்களே தொடுக்கலாம் என்பதால், இரண்டாம் கேள்வியில் சொன்ன ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கும் இது எஞ்சியிருக்கும் வலுவான பிடி. பலகையின் அளவுக்காக ஓரத்தைச் சிறிது வெட்டியதையெல்லாம் இதில் சேர்க்க முயல வேண்டாம், நிற்காது.

பார்த்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

சண்டைக்குப் போகாதீர்கள், சமூக ஊடகத்தில் பதிவும் போடாதீர்கள். இணையதளத்தில் உள்ள படம் உங்கள் பதிவை யாராவது பார்த்த பத்தாவது நிமிடம் காணாமல் போய்விடும், சான்றும் அதோடு போய்விடும். முதலில் முழுப் பக்கத்தையும் முகவரிப் பட்டை தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணைப்பையும் தேதி, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இணைய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்றைச் சேமியுங்கள். பலகை என்றால் அருகிலிருந்து ஒன்று, கடைப் பெயரோ தெருப் பெயரோ தெரியத் தொலைவிலிருந்து ஒன்று என்று எடுங்கள். பலகையின் கீழ் மூலையில் அச்சடித்தவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் சிறிய எழுத்தில் இருப்பது வழக்கம். அதைத் தவறவிடாதீர்கள், எத்தனை பலகை அடித்தார்கள் என்பதற்கு அவரும் ஒரு சாட்சி. அச்சிட்ட மலர் என்றால் ஒரு பிரதியை வாங்கி வையுங்கள்.

அடுத்தது உங்கள் பக்கத்துச் சான்று. கேமரா பதிவு செய்த மாற்றப்படாத மூலக் கோப்பு (ரா), அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், அலுவலகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல், வெளியான பக்கம் ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். பலகையில் இருப்பது ஒரு படம்தான். அதற்கு முன்னும் பின்னுமான சட்டகங்கள் உங்களிடம் மட்டுமே இருக்கும், அவற்றை யாராலும் போலியாக உருவாக்கிக் காட்ட முடிவது கடினம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கோரும் சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பில் எது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடும், கேட்கப்படுகிறது. ஆகவே மூலக் கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்துவிடாதீர்கள். பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

யார் எடுத்தார்கள் என்றே தெரியவில்லை. துறை விளம்பர நிறுவனத்தைக் கை காட்டுகிறது, அவர்கள் துறையைக் கை காட்டுகிறார்கள்.

இருவருமே பொறுப்பாளிகளாக இருக்கலாம், இருவருக்கும் எழுதுங்கள். அதற்கு முன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஐப் பயன்படுத்துங்கள். 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலரிடம் இவற்றைக் கேளுங்கள்: அந்தப் பலகைக்கான பணி ஆணையின் நகல், வடிவமைத்த நிறுவனத்தின் பெயர், அச்சான எண்ணிக்கை, வைக்கப்பட்ட இடங்கள், செலவான தொகை, படம் பெறப்பட்ட வழி, படத்துக்கான அனுமதிக் கடிதம் இருந்தால் அதன் நகல். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். அனுமதிக் கடிதம் ‘இல்லை’ என்று அவர்களே எழுதித் தரும் ஒரு வரி, பின்னால் நீங்கள் எழுதப்போகும் பத்துப் பக்கத்தைவிடப் பயன் தரும்.

இங்கே ஒரு விந்தையான செய்தியும் உண்டு. அரசல்லாத ஒருவரின் பதிப்புரிமையை மீறும்படியான தகவலைத் தர மறுக்கலாம் என்று அதே சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. நகல் கேட்கும் குடிமகனிடம் அரசு எடுத்துக்காட்டக்கூடிய அந்த மரியாதையைத் தன் சொந்த விளம்பரத்திலும் காட்ட வேண்டும் என்று உங்கள் கடிதத்தில் தாராளமாக எழுதலாம்.

எவ்வளவு பணம் கேட்பது?

கோபத்தின் அளவுக்குக் கேட்காதீர்கள். அனுமதி கேட்டு வந்திருந்தால் என்ன வாங்கியிருப்பீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். முன்பு வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்த உரிமங்களின் விலைப்பட்டியல் இருந்தால் அதுவே அடிப்படை. அளவு, எண்ணிக்கை, காலம், எத்தனை ஊர் என்பவற்றைப் பொறுத்து அது ஏறும். பெயரை நீக்கியதற்கும் சிதைத்ததற்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அமெரிக்க அஞ்சல் துறை, கொரியப் போர் நினைவகச் சிலைகளின் படத்தை 2003-இல் அஞ்சல்தலையாக்கியபோது படமெடுத்தவரிடம் அனுமதி வாங்கியது, சிற்பி ஃபிராங்க் கேலார்டிடம் வாங்கவில்லை. நியாயமாகப் பேரம் பேசியிருந்தால் என்ன விகிதம் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்ட நீதிமன்றம் 2013-இல் அவருக்கு ஏறத்தாழ 6,84,800 டாலர் வழங்கியது. சேகரிப்போர் வாங்கிப் பயன்படுத்தாமல் வைத்துக்கொண்ட தலைகளின் விற்பனையில் 10 விழுக்காடு என்பதே அதன் பெரும்பகுதி. விலையைக் கணக்கோடு காட்டினால்தான் கேட்பவர் காதில் ஏறும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அரசின் மீது வழக்குப் போட முடியுமா?

முடியும். அரசின் மீது வழக்குத் தொடுக்கலாம் என்பதை அரசமைப்பின் 300-ஆவது உறுப்பே ஏற்கிறது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஹெலிகாப்டரில் பறந்து ஜிம் ஆலிவ் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த ஹூஸ்டன் நகரப் படத்தை அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் தன் இணையப் பக்கத்தில் போட்டுக்கொண்டது. மாநில அமைப்பு என்ற விலக்கு குறுக்கே நின்றதால், 2021-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தில் அவர் வழக்குத் தோற்றது. நம் நாட்டுப் புகைப்படக் கலைஞருக்கு அந்தச் சுவர் இல்லை.

ஆனால் ஒரு படி உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி, வழக்குக்கு முன் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மாநில அரசு என்றால் அரசுச் செயலாளரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ அதைச் சேர்ப்பிக்க வேண்டும். உடனடியாகத் தடையாணை தேவைப்பட்டால் நீதிமன்றத்தின் அனுமதியோடு காத்திருக்காமலே போகலாம். மாநகராட்சி, வாரியம் போன்றவற்றுக்கு அவற்றின் தனிச் சட்டங்களில் உள்ள அறிவிப்பு விதிகளை வழக்கறிஞர் பார்க்க வேண்டும். வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் குறையாத நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு, பதிப்புரிமை இருப்பதே தமக்குத் தெரியாது, சந்தேகிக்கவும் காரணம் இல்லை என்று நிரூபித்துவிட்டால், உங்களுக்குத் தடையாணையும் இலாபம் முழுவதுமோ அதில் ஒரு பங்கோ மட்டுமே கிடைக்கும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. பெயரோடு வெளியான படத்துக்கு அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது.

போலீசில் புகார் கொடுத்தால் வேகமாக நடக்காதா?

தெரிந்தே செய்யும் மீறலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியிருக்கிறது. இருந்தாலும் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிராக இதை முதல் அடியாக எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ‘தெரிந்தே’ என்பதை நிறுவுவது கடினம், நீங்கள் தேடும் பணமும் பெயரும் அதில் கிடைப்பதில்லை.

என் போராட்டப் படத்தை வைத்துக் காவல்துறை ஆட்களை அடையாளம் காண்கிறது. பதிப்புரிமையைக் காட்டித் தடுக்கலாமா?

பெரும்பாலும் முடியாது. நான்காம் கேள்வியில் சொன்னபடி, நீதிமன்ற நடவடிக்கைக்காக நகலெடுப்பது விலக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே படத்தைக் காவல்துறை தன் சமூக ஊடகப் பக்கத்தில் பெருமைக்காகப் போடுவது அந்த விலக்குக்குள் வராது.

வெளியாகாத படங்களைக் கேட்டு அறிவிப்பு வந்தால், அது பதிப்புரிமைக் கேள்வியே அல்ல. உங்களை நம்பி முகம் காட்டியவர்களின் பாதுகாப்பு அதில் இருக்கிறது. தொலைபேசியில் கேட்டதற்காக எதையும் கொடுக்காமல், எழுத்தில் வாங்கிக்கொண்டு, உங்கள் பத்திரிகையின் ஆசிரியரையும் வழக்கறிஞரையும் உடனே அணுகுங்கள்.

நான்கு வருடமாக அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். காலம் கடந்துவிட்டதா?

இழப்பீட்டுக்கான காலவரம்பு மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். படம் இன்றும் அங்கே இருக்கிறது என்றால் தொடரும் மீறல் என்று வாதிடவும், எடுக்கச் சொல்லித் தடையாணை கேட்கவும் இடமுண்டு. ஆனால் பழைய ஆண்டுகளுக்கான தொகை கையை விட்டுப் போகலாம். மேலே சொன்ன இரண்டு மாத அறிவிப்புக் காலம் இந்தக் கணக்கில் கழிக்கப்படும்.

கேட்டால் அடுத்த நிகழ்ச்சிக்கு உள்ளே விடமாட்டார்களே?

இந்த அச்சம் நியாயமானது. இதைச் சொல்பவர்களை நான் கோழை என்று நினைப்பதில்லை. முதல் கடிதத்தை மிரட்டலாக எழுதாமல் விலைப்பட்டியலாக அனுப்புங்கள்: படம், பயன்பட்ட இடம், தொகை, செலுத்த வேண்டிய நாள். ஓர் எழுத்தர் கோப்பில் வைத்து மேலதிகாரிக்கு அனுப்பக்கூடிய தாளாக அது இருந்தால், அலுவலகத்துக்கும் முகம் கெடாமல் பணம் தர வழி இருக்கிறது. உரிமை உங்களுடையதா நிறுவனத்துடையதா என்று உறுதியாகத் தெரியாமல் வழக்குப் போடுவேன் என்று எழுதாதீர்கள். ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக வழக்குத் தொடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு எதிர்த்தரப்புக்கு இடம் தருகிறது.

தனியாக எழுதத் தயங்குபவர்கள் சங்கத்தின் கடிதத்தாளில் எழுதுங்கள். ஒரே துறை பலரின் படங்களை எடுத்திருந்தால் எல்லோரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுங்கள். ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு நிகழ்ச்சி நடத்த முடியும். மாவட்டத்துப் புகைப்படக் கலைஞர்கள் அனைவரையும் நிறுத்திவிட்டு நடத்த முடியாது.

அப்பா எடுத்த பழைய படங்களை ஓர் அரசு அருங்காட்சியகம் பயன்படுத்துகிறது. அவர் காலமாகிவிட்டார். நான் கேட்கலாமா?

கேட்கலாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்துக்கும் எடுத்தவரின் வாழ்நாளும் அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. அதற்கு முன் படம் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் என்று இருந்தது. ஆகவே மிகப் பழைய படங்களுக்கு, வெளியான ஆண்டை முதலில் கண்டுபிடியுங்கள். பதிப்புரிமை மற்றச் சொத்தைப்போல வாரிசுகளுக்கு வரும். பெயர் கோரும் உரிமையையும் சட்டப்படியான பிரதிநிதிகள் நிலைநாட்டலாம்.

நெகட்டிவ் யார் பெட்டியில் இருக்கிறது என்பது உரிமையைத் தீர்மானிக்காது. அருங்காட்சியகம் பழைய பொருள் கடையில் நெகட்டிவ்களை விலைக்கு வாங்கியிருந்தால் பொருள்தான் அவர்களுடையது. அப்பா பத்திரிகையில் பணியாற்றியவர் என்றால் இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படித்துவிட்டு, அவருடைய நியமனக் கடிதத்தைத் தேடுவதிலிருந்து தொடங்குங்கள்.